தெருப் பந்தும் கோச் பந்தும்: பிள்ளைகள் கால்பந்து கற்பது எப்படி?

சித்திரை பிறந்து பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் காரைக்குடிப் பக்கம் கோடைக்காலக் கால்பந்து முகாம் என்று தட்டிகள் தெரியத் தொடங்கும். பெற்றோருக்குக் குழப்பமும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. பையன் ஏற்கெனவே சாயங்காலம் முழுக்கத் தெருவில்தான் கிடக்கிறான். முழங்கால் சிராய்ப்பு ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. இதற்கு மேல் காசு கட்டி கோச்சிடம் வேறு அனுப்பணுமா? அனுப்பினால் தெருவாட்டத்தை நிறுத்திவிடலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 12 வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்குத் தானாக ஆடும் ஆட்டத்தை வெட்டி, அந்த நேரத்தைக் கோச்சிங்குக்குக் கொடுப்பது நஷ்டக் கணக்கு. ஆனால் தெரு எவ்வளவு ஆடினாலும் கற்றுத்தராத சில விஷயங்கள் உண்டு. அவற்றுக்குக் கோச் வேண்டும். இரண்டும் எதை எதைத் தருகின்றன என்று புரிந்துகொண்டால் முகாமைத் தேர்ந்தெடுப்பதும் சுலபம், வேண்டாம் என்று சொல்வதும் சுலபம்.

திறமை என்றால் எது?

வரிசையாக வைத்த கூம்புகளுக்கு நடுவே பந்தை வளைத்து வளைத்து ஓட்டிச் செல்லும் பையனைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகாக இருக்கும். அதே பையன் மேட்சில் இறங்கியதும் முதல் ஆளிடமே பந்தைப் பறிகொடுப்பான். அப்பாவுக்கு ஆச்சரியம், கோச்சுக்குக் கோபம். காரணம் சாதாரணமானது. கூம்பு நகராது. கூம்பு காலை நீட்டாது. வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளை கடையில் மீதிச் சில்லறை எவ்வளவு என்று கேட்டால் விழிப்பதில்லையா, அந்த மாதிரிதான் இதுவும்.

கால்பந்தில் ஒரு பாஸ் என்பது மூன்று வேலை. யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இருக்கிற வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்புறம்தான் கால். கூம்புப் பயிற்சி மூன்றாவதை மட்டும் தேய்த்து மெருகேற்றுகிறது. முதல் இரண்டும் அங்கே வேலையில்லாமல் கிடக்கின்றன.

முதல் வேலையான ‘பார்ப்பது’ எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நார்வே நாட்டு ஆய்வாளர் கெயிர் யோர்டெட் பல வருடங்களாகக் காட்டி வருகிறார். பந்தை விட்டுவிட்டு ஒரே வீரர்மேல் கேமராவை வைத்து, பந்து தன்னிடம் வருவதற்கு முந்தைய நொடிகளில் அவர் எத்தனை முறை தலையைத் திருப்பிச் சுற்றுமுற்றும் பார்க்கிறார் என்று எண்ணினார். அதிகம் பார்த்த நடுக்கள வீரர்கள்தான் முன்னோக்கிக் கொடுத்த பாஸ்களில் அதிகம் ஜெயித்தார்கள். பார்சிலோனா அணியில் நடுக்கள வீரராக இருந்த ஷாவி இந்தக் கணக்கில் பேர் போனவர். கால் வித்தை என்று நாம் கைதட்டுவதில் பாதி, கழுத்து செய்த வேலை.

இன்னொரு பழைய ஆய்வும் இங்கே உதவும். 1920களில் சோவியத் ரஷ்யாவில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் என்பவர், அனுபவமுள்ள தொழிலாளிகள் சுத்தியலால் அடிப்பதைப் படம்பிடித்து அளந்தார். அடி ஒவ்வொரு முறையும் குறி தவறாமல் விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் போன பாதை எந்த இரண்டு அடியிலும் ஒன்றாக இல்லை. கை தேர்ந்தவன் ஒரே அசைவை நகலெடுப்பதில்லை. ஒரே சிக்கலுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக விடை காண்கிறான். பயிற்சி என்பது அசைவை மனப்பாடம் செய்வது என்று நினைக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

தெரு சத்தமில்லாமல் சொல்லிக்கொடுப்பது

இப்போது செட்டிநாட்டுத் தெரு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கானாடுகாத்தானோ பள்ளத்தூரோ கோட்டையூரோ, எதுவானாலும் சரி. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில் என்று நீண்டு கிடக்கும் வீடுகள். இரண்டு வீட்டுக்கு நடுவே சந்து. இருபுறமும் ஜன்னல் குறைந்த நெடுஞ்சுவர். பல வீடுகள் வருடத்தில் பாதி நாள் பூட்டியே இருக்கும். ஆட்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல மைதானம் வேண்டுமா?

சுவர் பந்தைத் திருப்பித் தரும். அதனால் ஆள் இல்லாதபோதும் பாஸ் பழகலாம். ஆள் இருந்தால், எதிரியின் ஒரு பக்கமாகச் சுவரில் தட்டிவிட்டு மறுபக்கமாக ஓடி வாங்கிக்கொள்ளலாம். சந்து ஒடுக்கமாக இருப்பதால் நீண்ட உதைக்கு வழியில்லை. பந்தை உடம்போடு ஒட்டி வைத்துத்தான் நகர்த்த முடியும். உயரமாக அடித்தால் பந்து பூட்டிய வீட்டின் வளவுக்குள் போய் விழும். சாவி வைத்திருப்பவர் விளக்கேற்ற வரும்வரை ஆட்டம் அம்போ. ஆக, பந்தைத் தரையோடு வைத்திருக்கச் சொல்லிக் கத்த அங்கே கோச் தேவையில்லை. மதில் பார்த்துக்கொள்கிறது.

கோடையில் தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் இறங்கினால் வேறு பாடம். தரை வெடித்துக் கிடக்கும், பந்து எந்தப் பக்கம் எம்பும் என்று சொல்ல முடியாது. முதல் தொடுதலிலேயே பந்தை அடக்கக் கற்காதவன் அங்கே பிழைக்க முடியாது. செம்மண் சரளையில் விழுந்தால் தோல் உரியும். அதனால் சறுக்கிப் பாய்ந்து பந்தைப் பறிப்பதைவிட, நின்று காத்திருந்து பறிப்பது பழகும். சீமைக் கருவேல முள் பந்தைப் பதம் பார்ப்பது மட்டும் எந்தப் பாடத்திலும் சேராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்ததும் ஆட்டம் மறுபடி தெருவுக்கு வரும். வருடத்துக்குள்ளேயே இரண்டு மூன்று வகைத் தரை மாறிவிடுகிறது.

இந்த மாற்றம் சும்மா இல்லை. 1978இல் கெர், பூத் என்ற இருவர் 8 வயதுப் பிள்ளைகளைச் சின்னப் பைகளைக் குறிபார்த்து எறிய வைத்தார்கள். ஒரு கூட்டம் மூன்றடி தூரத்திலிருந்தே எறிந்து பழகியது. இன்னொரு கூட்டம் இரண்டடியிலும் நான்கடியிலும் மாறி மாறிப் பழகியது. மூன்றடியைத் தொடவே இல்லை. கடைசியில் இரு கூட்டத்துக்கும் மூன்றடியில் சோதனை வைத்தபோது, அந்தத் தூரத்தில் பழகாத பிள்ளைகள்தான் நன்றாக எறிந்தார்கள். ஒரே மாதிரி நூறு முறை செய்வதைவிட மாற்றி மாற்றிச் செய்வது, பழகும்போது தடுமாற வைத்தாலும், பின்னால் கை கொடுக்கும் என்று, உடம்பு அசைவுகளைக் கற்கும் விதத்தை ஆராய்கிறவர்கள் இன்றும் இதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

தெருவின் இன்னொரு பலம் வயதுக் கலப்பு. 8 வயதும் 14 வயதும் ஒரே ஆட்டத்தில். சின்னவனை முதலில் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவன் கோல் போட்டாலும் கணக்கில்லை, தொட்டாலும் ஃபவுல் இல்லை. ஓரத்தில் சுற்றிச் சுற்றி வந்து பெரியவர்கள் செய்வதைப் பார்த்து, ஒருநாள் நிஜ ஆளாகிவிடுவான். பலத்தால் பெரிய பையனை ஜெயிக்க முடியாது என்பதால் வேகமாக யோசிக்கவும் ஏமாற்றித் தாண்டவும் பழகுவான்.

டீம் பிரிப்பதையும் பாருங்கள். ஒரு பக்கம் ஐந்து கோல் வாங்கிவிட்டால் பிள்ளைகளே ஆட்டத்தை நிறுத்தி ஆளை மாற்றிக்கொள்வார்கள். ஒருதலைப்பட்சமான ஆட்டம் போரடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அழுகுணி ஆட்டம் ஆடுபவனை மறுநாள் சேர்க்க மாட்டார்கள். சரிசமமான போட்டி, நிறையப் பந்துத் தொடுதல், பெஞ்சில் யாரும் இல்லை, தப்பு செய்தால் திட்ட ஆளில்லை: பல அகாடமிகள் காசு வாங்கிக்கொண்டும் தராத ஏற்பாடு இது.

விளையாடுவதற்காகவே விளையாடுவதைத் தனி வகைக் கற்றலாக எண்ண வேண்டும் என்று 1990களின் இறுதியிலேயே சொன்னவர் கனடாவின் விளையாட்டு ஆய்வாளர் ழான் கோத்தே. அதற்கு முன் 1993இல் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் பெர்லின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து, ஆசிரியரின் வழிகாட்டலில் தனியாக உட்கார்ந்து செய்த கடும் பயிற்சிதான் சிறந்தவர்களைப் பிரித்துக் காட்டுகிறது என்று எழுதியிருந்தார். பத்தாயிரம் மணிநேரம் பயிற்சி செய்தால் எதிலும் கை தேர்ந்துவிடலாம் என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்களே, அது அங்கிருந்து கிளம்பியதுதான். அதை ஒரு விதி மாதிரி எடுத்துக்கொண்டது தவறு என்று எரிக்சனே பிறகு சொன்னார். தவிரவும் வயலின் வாசிக்கும்போது யாரும் வில்லைப் பிடுங்க ஓடி வருவதில்லை.

கால்பந்துக்கென்றே நடந்த ஆய்வு என்று பார்த்தால், இங்கிலாந்தில் பால் ஃபோர்டும் சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்டது முக்கியமானது. கிளப் அகாடமிகளில் இருந்த பையன்களில் 16 வயதில் தொழில்முறை வாய்ப்பு கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். 6 முதல் 12 வயது வரை கோச்சிங்கில் செலவிட்ட நேரம் அவர்களைப் பிரித்துக் காட்டவில்லை. நண்பர்களோடு சும்மா ஆடிய நேரம் பிரித்துக் காட்டியது. 2016இல் ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான பண்டஸ்லிகா வீரர்களைப் பற்றி வந்த ஆய்விலும் தேசிய அணி வரை போனவர்கள், அமெச்சூர் வீரர்களைவிடச் சின்ன வயதில் தானாகக் கால்பந்து அதிகம் ஆடியிருந்தார்கள். பதின்வயதில் வேறு விளையாட்டுகளும் ஆடியிருந்தார்கள்.

இதை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் வீரர்கள் தங்கள் சிறுவயதை நினைவுகூர்ந்து சொன்னதை வைத்து எழுதப்பட்டவை. இன்னொன்று, அந்த ஜெயித்த பையன்கள் எல்லாரும் கோச்சிங்கிலும்தான் இருந்தார்கள். தெருவில் மட்டும் ஆடி மேலே வந்தவர்களின் கதை இல்லை இது.

தெருவால் முடியாதவை

தெருவில் வலதுகால்காரன் வலதுகால்காரனாகவே வளர்வான். இடதுகாலால் அடித்துப் பந்தை ஊருணிக்குள் விட்டால் எல்லாரும் ஏசுவார்கள். எதற்கு வம்பு என்று வலதுகாலுக்கே மாற்றிக்கொள்வான். தப்பான கோணத்தில் கணுக்காலை வைத்துப் பழகினால் அதைக் கவனித்துத் திருத்த ஆள் கிடையாது. கொஞ்சம் பயந்த பிள்ளை வருடம் முழுக்கக் கோல் கீப்பராகவே நிற்கும்.

ஐந்து பேர் ஆட்டத்துக்கும் பதினொரு பேர் ஆட்டத்துக்கும் உள்ள தூரமும் பெரிது. முழு மைதானத்தில் 90 நிமிடம் ஆடும் ஒருவரிடம் பந்து இருப்பது கூட்டிப் பார்த்தால் இரண்டு மூன்று நிமிடம்தான். மிச்ச நேரமெல்லாம் பந்து இல்லாமல் எங்கே நிற்பது, எப்போது ஓடுவது, யாரை மறைப்பது என்பதுதான் ஆட்டம். சந்தில் ஆடும் பையனுக்கு இது புரிய வாய்ப்பே இல்லை. அவன் உலகத்தில் பந்து எப்போதும் பத்தடிக்குள்தான் இருக்கிறது.

பெண் பிள்ளைகள் விஷயம் இதைவிடப் பெரியது. தெருவாட்டத்தின் அருமையைப் பற்றி எழுதுகிறவர்கள் (ஆண்கள்தான் பெரும்பாலும்) இதை லேசாகத் தாண்டிவிடுகிறார்கள். நம் ஊரில் பத்து வயது வரை அண்ணனோடு சேர்ந்து உதைக்கும் பெண், அதற்கப்புறம் வீட்டுக்குள் போய்விடுகிறாள். ‘வயசுக்கு வரப்போற பிள்ளை, தெருவுல என்ன ஆட்டம்’ என்று ஆச்சி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்குக் கால்பந்து என்று ஒன்று மிச்சமிருந்தால் அது பள்ளியின் பி.டி. டீச்சரோ ஒரு முகாமோ திறக்கிற கதவுதான். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசிய சாம்பியன் பட்டத்தை 2017-18இலும் 2022-23இலும் வென்றது. பக்கத்து மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். இந்த ஆட்டமெல்லாம் கல்லூரி, விடுதி, கிளப் என்ற ஏற்பாடுகளின்மேல் நிற்பது. பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்டால், யோசிக்காமல் முகாமில் சேருங்கள் என்பேன். அங்கே போதுமான சும்மா ஆட்டமும் கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம் வாய்ப்பு. காரைக்குடிப் பக்கத்துக் கண்டனூரில் பிறந்த சிவசக்தி நாராயணன், பெங்களூரு எஃப்.சி.க்காக 2022 டூராண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் கோல் போட்டார், 2022-23 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பருவத்தின் வளரும் வீரர் விருதும் அவருக்குத்தான். செட்டிநாட்டுப் பையனின் கால் அந்த அளவுக்குப் போகும் என்பதற்கு இனி வேறு சாட்சி வேண்டாம். ஆனால் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட் சந்துக்குள் வரமாட்டார். பதிவு, வயதுச் சான்று, லீக் ஆட்டம் என்ற பாதை ஒரு அணி வழியாகத்தான் போகிறது.

நல்ல கோச்சை எப்படி அடையாளம் காண்பது?

சேர்ப்பதற்கு முன் ஒருநாள் காலையில் போய், பேசாமல் ஓரமாக நின்று பாருங்கள். ஏதாவது ஒரு பிள்ளையை மட்டும் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் வரிசையில் நிற்கும் நேரம் எவ்வளவு, பந்து காலில் இருக்கும் நேரம் எவ்வளவு? இருபது பேர் ஒரே வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கோலை நோக்கி அடிக்கும் முகாம் என்றால், மன்னிக்கவும், பையன் சந்திலேயே ஆடட்டும். ஜெர்ஸியும் விசிலும் புல்தரையும் இந்தக் கணக்கை மாற்றாது.

விவரமான கோச் தெருவின் வேலையைத்தான் செய்வார். மதிலும் மேடுபள்ளமும் தற்செயலாகச் செய்ததை, அவர் நினைத்துச் செய்வார். எப்படி? விதியை மாற்றி.

ஒரு உதாரணம். நாலுக்கு நாலு பேர். எல்லாரும் பந்தைச் சுற்றி ஈ மொய்ப்பதுபோல் மொய்க்கிறார்கள். சாதாரண கோச் ‘பரவி நில்லுங்கடா’ என்று தொண்டை கிழியக் கத்துவார். இன்னொருவர் கத்தாமல், ஒவ்வொரு பக்கமும் ஒரு கோலுக்குப் பதில் இரண்டு சின்னக் கோல்களை இரண்டு மூலைகளில் வைப்பார். கொஞ்ச நேரத்தில் ஒரு பையனுக்குப் பொறி தட்டும்: இந்தப் பக்கம் அடைத்திருக்கிறது, அந்தப் பக்கம் காலி. தலை நிமிரும். பந்து திசை மாறும். மற்றவர்கள் தானாகவே பரவுவார்கள், ஏனென்றால் இப்போது பரவுவதில் லாபம் இருக்கிறது. யோர்டெட் எண்ணிய அந்தக் கழுத்துத் திருப்பல் இப்படித்தான் முளைக்கிறது. சொல்லிக்கொடுத்து வருவதைவிட, தேவைப்பட்டு வருவது ஆழமாகப் பதியும்.

இடதுகால் வரவில்லையா? இடதுகால் கோலுக்கு இரண்டு என்று கணக்கு வைத்தால் போதும். எல்லாவற்றையும் தனியாகவே ஓட்டிக்கொண்டு போகிறானா? மைதானத்தைக் குறுக்கி ஒரு எதிரியைக் கூட்டினால், அவனே தலையைத் தூக்கி ஆள் தேடுவான். பாஸ் மட்டுமே கொடுத்து ஆளைத் தாண்டவே பயப்படுகிற பிள்ளைக்கு, நேருக்கு நேர் ஒருவரைத் தாண்டினாலே ஒரு புள்ளி. நடுவில் ஒன்றிரண்டு பேரை நிறுத்தி, சுற்றி நிற்பவர்கள் பந்தைக் கொடுக்காமல் தட்டிக்கொண்டே இருக்கும் ரோண்டோ இதே இனம்தான். பார்சிலோனாவின் லா மாசியா பள்ளியால் உலகம் முழுக்கப் பரவியது. ஃபுட்சாலும் அப்படியே. 1930இல் உருகுவேயின் மான்டிவிடியோவில் ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர், ஒய்.எம்.சி.ஏ.வில் சின்ன இடத்தில் ஆட விதி எழுதினார். அதிகம் எம்பாத சின்னப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். பிரேசில் வீரர்கள் பலரின் காலில் தெரியும் நளினத்தில் அதற்குப் பங்கு உண்டு.

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் பல வருடங்களாக 8 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பக்கத்துக்கு ஐந்து பேர், 10 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஏழு, 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒன்பது, அதற்கப்புறம்தான் பதினொன்று என்று வைத்திருந்தது. நம் பக்கம் 10 வயதுப் பிள்ளைகளை முழு மைதானத்தில் பதினொரு பேராக நிறுத்திப் பரிசுக்கோப்பை கொடுப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. அந்தப் பெரிய வெளியில் ஜெயிப்பது ஆட்டக்காரன் இல்லை, வளர்ந்தவன். பிறந்த வருடத்தை வைத்துப் பிரிக்கும் போட்டியில் ஜனவரியில் பிறந்தவனுக்கும் டிசம்பரில் பிறந்தவனுக்கும் ஏறக்குறைய ஒரு வயது வித்தியாசம்; அந்த வயதில் அது உயரத்திலேயே தெரிந்துவிடும். குட்டையாக இருந்ததால் பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டு ஆட்டத்தையே விட்டுவிட்ட பிள்ளைகளை எந்தக் கோப்பை கணக்கில் எடுக்கும்?

கோச்சின் வாயையும் கவனியுங்கள். பந்து காலில் இருக்கும் பையனுக்கு ‘பாஸ்! பாஸ்! அடி! திரும்பு!’ என்று கோட்டுக்கு வெளியிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தால், பார்ப்பதையும் தேர்ந்தெடுப்பதையும் கோச்சே செய்துவிடுகிறார். பையனிடம் கால் மட்டும்தான் மிச்சம். ஆட்டம் நின்றபின் ‘தம்பி, அப்ப அந்தப் பக்கம் யார் இருந்தா?’ என்று கேட்பவரிடம் தைரியமாக விடலாம். அப்பாக்களுக்கும் இதே விதிதான்.

எத்தனை மணிநேரம்?

அமெரிக்காவில் நீரு ஜெயந்தி என்ற விளையாட்டு மருத்துவரின் குழு, விளையாட்டில் ஈடுபட்ட 7 முதல் 18 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2015இல் ஒரு கணக்கு சொன்னது. வாரத்தில் தன் வயதைவிட அதிக மணிநேரம் ஒழுங்குபடுத்திய விளையாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும், தானாக ஆடும் நேரத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளுக்கும் உடம்பின் ஒரே பகுதிக்கு ஓயாமல் வேலை கொடுப்பதால் வரும் கடுமையான காயங்கள் அதிகம். 10 வயதுப் பையன் வாரம் ஆறு மணிநேரம் முகாமுக்குப் போகிறான் என்றால், குறைந்தது மூன்று மணிநேரமாவது தெருவிலோ கண்மாயிலோ அவன் இஷ்டத்துக்கு ஆட வேண்டும். அது கபடியாகவோ கிளித்தட்டாகவோ இருந்தாலும் சரிதான்.

வளரும் வயதில் முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பதாகச் சொன்னால் தைலம் தேய்த்து மறுநாள் அனுப்பாதீர்கள். ஓட்டமும் உதையும் மிதமிஞ்சும்போது வருகிற வலி அது. ஓய்வும் எலும்பு மருத்துவரின் யோசனையும் வேண்டும். பந்தும் வயதுக்குத் தக்கதாக இருக்கட்டும்: 8 வயதுக்குள் அளவு 3, 12 வரை அளவு 4. பெரியவர்களின் அளவு 5 பந்து 410 கிராமுக்குக் குறையாது. கடைக்காரர் ‘வளர்ற பிள்ளைதானே, பெருசாவே எடுத்துக்கங்கண்ணே’ என்பார். வேண்டாம்.